அந்த ஏழு அடுக்குகள் எங்கே போயின?

ஒரு செம்புத் தகட்டின் மேல் இன்னொரு செம்புத் தகட்டை விநாடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய துப்பாக்கிக் குண்டின் வேகம்தான். மோதிய முகத்திலிருந்து ஓர் அதிர்ச்சி அலை கிளம்பி, விநாடிக்கு 4.7 கிலோமீட்டர் வேகத்தில் தகட்டுக்குள் ஓடும். அலை கடந்துபோன இடத்தில் அழுத்தம் சுமார் 21 ஜிகாபாஸ்கல். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல 2 லட்சம் மடங்கு. அங்கே உலோகத்தின் கன அளவு 10.7 சதவீதம் குறைந்திருக்கும்.

இந்த எண்களைச் சொல்ல உலோகத்துக்குள் எட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை. அலையின் வேகம், அலைக்குப் பின்னால் பொருள் நகரும் வேகம் இரண்டும் தெரிந்தால் போதும். நிறையும் உந்தமும் ஆற்றலும் மாறாது என்ற மூன்று விதிகளை வைத்து அழுத்தத்தையும் அடர்த்தியையும் கணக்குப் போட்டுவிடலாம். 19ஆம் நூற்றாண்டில் ராங்கினும் யூகோனியோவும் எழுதிவைத்த சமன்பாடுகள் அவை. இன்றும் ஒரு வரி மாறாமல் பயன்படுகின்றன.

ஆனால் அந்தச் சமன்பாடுகள் எவ்வளவு சுருங்கியது என்று சொல்லும், எப்படிச் சுருங்கியது என்று சொல்லாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அதிர்ச்சி அலை தகட்டை ஒரே திசையில்தான் அமுக்குகிறது. பக்கவாட்டில் பொருள் அசைய முடியாது. தகட்டின் நடுவில் இருக்கும் அணுவுக்கு விளிம்பு என்று ஒன்று இருப்பதே இன்னும் தெரியாது. விளிம்பிலிருந்து சேதி வந்து சேர மைக்ரோ விநாடிகள் ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆக, வெளியிலிருந்து பார்த்தால் நீளம் 10.7 சதவீதம் குறைந்திருக்கிறது, அகலம் அப்படியே இருக்கிறது. செம்பின் அணுக்கள் கனசதுரக் கூடுகளாக அடுக்கப்பட்டவை. அந்தக் கூடும் இதேபோல ஒரு பக்கம் மட்டும் நசுங்கி, செங்கல் போல ஆகிவிட்டதா? அல்லது மூன்று பக்கமும் சமமாகச் சுருங்கி, சின்னக் கனசதுரமாகவே இருக்கிறதா?

இரண்டாவது சாத்தியத்தைக் கேட்டதும் 'அதெப்படி முடியும்' என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 100 கூடுகள் கொண்ட ஒரு செம்புத் துண்டு, மொத்தம் 10 லட்சம் கூடுகள். கன அளவில் 10.7 சதவீதக் குறைவை மூன்று பக்கமும் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொரு கூட்டின் பக்கமும் 3.7 சதவீதம் குறையும். துண்டின் அகலம் மாறவில்லை, கூடு சிறுத்துவிட்டது. அப்படியானால் அகலத்தில் இப்போது 100 இல்லை, ஏறக்குறைய 104 கூடுகள் இருக்க வேண்டும். உயரத்திலும் அதே கதை. அலை ஓடும் திசையிலோ 93 கூடுகளுக்குத்தான் இடம் இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் மறுபடி அதே 10 லட்சம் வந்துவிடும்.

100 அடுக்குகளில் 7 அடுக்குகள் காணாமல் போயிருக்கின்றன. அந்த அணுக்கள் அழிந்துவிடவில்லை, பக்கத்து வரிசைகளுக்குள் நுழைந்துவிட்டன. இருபுறமும் சுவர் இருக்கும் வழியில் வரிசையாக நிற்பவர்களைப் பின்னாலிருந்து நெருக்கினால், சிலர் பக்கத்து வரிசையில் புகுந்துகொள்வார்கள் இல்லையா, அதுபோல. உவமை ரொம்ப தூரம் வராது. கூட்டத்தில் ஆட்கள் ஒவ்வொருவராக நகர்வார்கள். உலோகத்தில் முழுத் தளங்களே ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. வழுக்கிய பகுதிக்கும் வழுக்காத பகுதிக்கும் நடுவில் இருக்கும் கோட்டுப் பிழைக்கு டிஸ்லொகேஷன் என்று பெயர். கம்பியை வளைத்தால் உடையாமல் வளைவது அதனால்தான். 1934இலேயே டெய்லர், ஓரோவன், போலன்யி மூவரும் தனித்தனியாக இந்தக் கருத்தைச் சொல்லிவிட்டார்கள். அதிர்ச்சி அலையின் முகப்பிலேயே இப்படிப் பிழைகள் அணிவகுத்து நின்று, கூடுகள் பொருந்தாமல் போவதைச் சரிக்கட்டும் என்று 1958இல் சிரில் ஸ்டான்லி ஸ்மித் ஒரு படம் வரைந்து காட்டினார். அழகான படம். அதைச் சரிபார்க்க அன்று வழி இல்லை.

வழி, எக்ஸ் கதிர்தான். 1912இல் மியூனிக்கில் லாவேயும் அவருடைய கூட்டாளிகளும் மயில்துத்தப் படிகத்தின் வழியாக எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள்; தட்டில் புள்ளிகள் விழுந்தன. படிகத்தின் அணுத் தளங்களில் பட்டுச் சிதறும் அலைகள் சில கோணங்களில் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொள்ளும். எந்தக் கோணம் என்பதைச் சுருக்கமான ஒரு சமன்பாட்டில் அடக்கியவர் லாரன்ஸ் பிராக். அதற்காகத் தந்தையோடு சேர்ந்து 1915இல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 25. சமன்பாட்டின் சாரம் இவ்வளவுதான்: தளங்களுக்கு இடையே உள்ள தூரம் குறைந்தால், கதிர் சிதறும் கோணம் கூடும்.

நம் செம்புத் தகட்டுக்கே வருவோம். 1 ஆங்ஸ்ட்ராம் (ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) அலைநீளம் கொண்ட எக்ஸ் கதிரை அதன் வழியாக அனுப்பி, 20 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கதிர் உணர்வித் தட்டை வைத்தால், செம்பில் அணுக்கள் மிக நெருக்கமாக நிறைந்த தளங்கள் 105 மில்லிமீட்டர் ஆரம் கொண்ட ஒரு வளையத்தைத் தட்டில் வரையும். தகடு கோடிக்கணக்கான குட்டிப் படிகங்களால் ஆனது, அவை எல்லாத் திசையிலும் திரும்பியிருக்கும் என்பதால்தான் புள்ளி வளையமாகிறது. அதிர்ச்சி அலை கடந்தபின், கூடு மூன்று பக்கமும் சமமாகச் சுருங்கியிருந்தால், வளையத்தின் ஆரம் 110 மில்லிமீட்டர் ஆகும். 5 மில்லிமீட்டர் வித்தியாசம், அளவுகோல் வைத்தே அளந்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தாலோ, வளையம் வளையமாகவே இருக்காது. அலையின் திசையைப் பார்த்த தளங்கள் நிறைய நகரும், பக்கவாட்டுத் தளங்கள் அசையவே அசையாது. ஏழு அடுக்குகளின் கேள்விக்குப் பதில் அந்த வளையத்தின் வடிவத்தில் இருக்கிறது.

சொல்வது எளிது. படம் எடுப்பதுதான் பாடு. 1 நானோ விநாடியில், அதாவது ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில், அலை 4.7 மைக்ரோமீட்டர் போய்விடும். எக்ஸ் கதிர்த் துடிப்பு அதைவிடக் குறுகியதாக இல்லாவிட்டால் படம் குழம்பிவிடும். தகடும் மெல்லியதாக இருந்தாக வேண்டும். மேலே சொன்ன கதிர் செம்பில் 10 மைக்ரோமீட்டர் ஊடுருவுவதற்குள் அதன் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். போதாக்குறைக்கு, ஒரு மாதிரியை ஒரு தடவைதான் சுட முடியும். சுட்டபின் மிஞ்சுவது புகையும் துகளும்.

இதனால்தான் இந்தத் துறை வெகுகாலம் வெளியிலிருந்தே ஊகித்துக்கொண்டிருந்தது. அதற்கு இரும்பின் கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1956இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பான்கிராஃப்ட், பீட்டர்சன், மின்ஷால் மூவரும் வெடிமருந்தால் இரும்பில் அதிர்ச்சி அலையை ஏற்படுத்தி, மறுமுனையில் மேற்பரப்பு எப்போது, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று மின் ஊசிகளால் அளந்தார்கள். ஓர் அலை போய்ச் சேர வேண்டிய இடத்தில் மூன்று வந்தன. முதலாவது மீட்சி அலை. இரும்பு விட்டுக்கொடுக்கத் தொடங்குவதற்கு முன் ஓடிவிடுவது. அது எதிர்பார்த்ததே. இரண்டாவது அலை 13 ஜிகாபாஸ்கல் வரை ஏறி அங்கே நின்றது. மிச்ச அழுத்தம் மூன்றாவது அலையாகப் பின்தங்கி வந்தது. 13 ஜிகாபாஸ்கலில் இரும்பு திடீரென்று அதிகமாகச் சுருங்குகிறது, அதனால்தான் அலை உடைகிறது, ஆகவே அங்கே படிக அமைப்பு மாறுகிறது என்று அவர்கள் சொன்னார்கள்.

உயர் அழுத்த ஆய்வுக்காகவே நோபல் பரிசு வாங்கியிருந்த பெர்சி பிரிட்ஜ்மன் நம்பவில்லை. தன் கருவியில் இரும்பை அமுக்கி மின்தடையை அளந்து பார்த்தார். தாவல் எதுவும் தெரியவில்லை. இந்தச் சண்டையில் மேற்பரப்பு வேகத்தை மட்டும் வைத்துப் பேசியவர்கள்தான் கடைசியில் ஜெயித்தார்கள். 1961இல் பால்கனும் டிரிக்கமரும் அதே அழுத்தத்தின் அருகே மின்தடை தாவுவதைக் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில், நிலையாக அமுக்கிய இரும்பில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்கள், அணுக்கள் அறுகோணமாக நெருக்கி அடுக்கப்படும் அமைப்புக்கு மாறுவதைக் காட்டின. சாதாரண இரும்பில் கனசதுரத்தின் நடுவில் ஓர் அணு உட்கார்ந்திருக்கும். அந்த அமைப்பு கலைந்துவிடுகிறது.

சரி, அதிர்ச்சி அலைக்குள்ளும் அதே மாற்றம்தானா? நிமிடக்கணக்கில் மெதுவாக அமுக்கும்போது நடப்பது, நானோ விநாடியில் அமுக்கும்போதும் நடந்தே ஆக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. சுட்டபின் மிஞ்சிய இரும்பை எடுத்துப் பார்த்தாலும் பயனில்லை; அழுத்தம் போனதும் அது பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். 1970களின் தொடக்கத்திலேயே லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான்சனும் மிட்செல்லும் லித்தியம் ஃபுளோரைடு, போரான் நைட்ரைடு போன்ற பொருள்களில் அதிர்ச்சியின்போதே எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக் காட்டியிருந்தார்கள். இரும்பில் அந்த நேரடிச் சாட்சியம் வர 2005 ஆயிற்று. கலான்டர் தலைமையிலான குழு, ஆற்றல் மிக்க லேசரால் ஒற்றைப் படிக இரும்பை அமுக்கி, இன்னொரு லேசர்க் கற்றையால் ஒரு உலோகத் தகட்டைச் சூடேற்றி அதிலிருந்து நானோ விநாடி எக்ஸ் கதிரைப் பெற்று, மாற்றத்தை நேராகப் படம் பிடித்தது. கனசதுரக் கூடு ஒரு திசையில் நசுங்க, அணுத் தளங்கள் ஒன்று விட்டு ஒன்று பக்கவாட்டில் நகர, அறுகோண அமைப்பு பிறக்கிறது. ஊகித்ததற்கும் பார்த்ததற்கும் நடுவில் 49 ஆண்டுகள்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது, காரணம் கருவிகள். கலிபோர்னியாவில் எல்சிஎல்எஸ் என்ற எக்ஸ் கதிர் லேசர் 2009இல் ஒளிர்ந்தது. ஜப்பானில் சாக்லா, ஜெர்மனியில் ஐரோப்பிய எக்ஸ் கதிர் லேசர் ஆகியவை பின்தொடர்ந்தன. இவற்றின் ஒரு துடிப்பு பத்துக்கணக்கான ஃபெம்டோ விநாடிதான் நீடிக்கும் (ஒரு ஃபெம்டோ விநாடி, நானோ விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 50 ஃபெம்டோ விநாடியில் நம் செம்பின் அதிர்ச்சி அலை எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? 2.3 ஆங்ஸ்ட்ராம். ஒரு கூட்டின் பக்கம் 3.6 ஆங்ஸ்ட்ராம். அதாவது ஒரு கூட்டைக்கூட அலை தாண்டுவதற்குள் படம் எடுத்தாகிவிட்டது. வட்டப்பாதை முடுக்கிகளிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் துடிப்பு சுமார் 100 பிக்கோ விநாடி (ஒரு பிக்கோ விநாடி, நானோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு); அதற்குள் அலை 1,300 கூடுகளைத் தாண்டிவிடும். அதனால் அவை வீண் என்று அர்த்தமில்லை. ஆர்கான் ஆய்வகத்தின் முடுக்கியில் நிஜமான வாயுத் துப்பாக்கியையே எக்ஸ் கதிர்ப் பாதையில் பொருத்தியிருக்கிறார்கள். ஒரே மோதலில் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுக்கலாம் என்பது அங்கே கிடைக்கும் வசதி. அமுக்குவது, பின் விடுபடுவது இரண்டையும் ஒரே மாதிரியில் பார்க்க வேண்டுமென்றால் அது பெரிய விஷயம்.

ஏழு அடுக்குகளின் கேள்விக்கு 2013இல் செம்பிலேயே பதில் வந்தது. மிலாதியனாகி குழு எல்சிஎல்எஸ்ஸில் மெல்லிய செம்புப் படலத்தை லேசரால் அமுக்கி, பிக்கோ விநாடி பிக்கோ விநாடியாகப் பார்த்தது. முதலில் கூடு ஒரே திசையில்தான் நசுங்குகிறது. செங்கல் வடிவம்தான். அந்த நிலையில் அழுத்தம் 73 ஜிகாபாஸ்கல் வரை போயிற்று. செம்பு இனி தாங்கவே முடியாது என்று கோட்பாடு போடும் எல்லையை ஒட்டிய அளவு. அப்புறம் சில பத்து பிக்கோ விநாடிகளுக்குள் டிஸ்லொகேஷன்கள் பெருகி, கூடு மூன்று பக்கமும் சுருங்கிய நிலைக்கு வந்துவிடுகிறது. ஆக, இரண்டு சாத்தியங்களும் உண்மை. முன்னது முதலில், பின்னது பிறகு. ஸ்மித் வரைந்த படத்துக்கு இப்போது கடிகாரமும் சேர்ந்துவிட்டது.

வளையம் எங்கே நகர்ந்தது என்பது மட்டுமே செய்தி இல்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒரு படத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். தட்டில் பழைய வளையமும் புதிய வளையமும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும், ஏனென்றால் கதிர் அலை கடந்த பகுதி, கடக்காத பகுதி இரண்டின் வழியாகவும் வருகிறது. பழைய வளையம் மங்க மங்க அலை தகட்டைத் தின்றுகொண்டே போகிறது என்று பொருள். வளையம் தடித்தால் படிகங்கள் நொறுங்கிச் சின்னதாகியிருக்கலாம், அல்லது இடத்துக்கு இடம் அழுத்தம் வேறுபடலாம். கோடுகளெல்லாம் கரைந்து ஒரே மங்கலான பரந்த பட்டையாகிவிட்டால், உலோகம் உருகிவிட்டது.

படிகங்கள் ஒரே திசையைப் பார்த்திருக்கும்படி உருட்டிய தகடுகளில் வளையம் முழுதாக இல்லாமல் தனித்தனி வில்துண்டுகளாக இருக்கும். அங்கே இன்னும் நுட்பமான ஒன்று தெரியும். தளங்கள் வழுக்கினால் படிகம் மெல்லத் திரும்பும், வில்துண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஆனால் சில நேரம் வெறுமையாக இருந்த இடத்தில் புதுத் துண்டு ஒன்று சட்டென்று முளைக்கும். படிகத்தின் ஒரு பகுதி கண்ணாடி பிம்பம் போலப் புரண்டுவிட்டதன் அடையாளம் அது, இரட்டைப்படிகம் என்பார்கள். இரும்பு விண்கற்களை அறுத்து மெருகேற்றினால் தெரியும் நியூமான் பட்டைகள் இதே புரட்டலின் தழும்புகள்தான். டான்டலம் உலோகத்தில் வேரன்பெர்க் குழு 2017இல் இதை 10 முதல் 300 ஜிகாபாஸ்கல் வரை அளந்தது. சுமார் 150 ஜிகாபாஸ்கலுக்கு மேல் போனதும் இரட்டைப்படிகம் ஒதுங்கிக்கொள்ள, வழுக்கல்தான் பிரதானமாகிறது. மேற்பரப்பு வேகத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது வெள்ளியின் கதை. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் மூன்றிலும் கனசதுரத்தின் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் ஓர் அணு இருக்கும். அதையே அடுக்கடுக்காகப் பார்த்தால், அ, ஆ, இ, அ, ஆ, இ என்று மூன்று நிலைகள் மாறி மாறி வரும். அமுக்கும்போது எங்காவது ஓர் அடுக்கு தவறி, அ, ஆ, இ, ஆ, இ, அ என்று ஆகிவிட்டால் அது அடுக்குப் பிழை. எக்ஸ் கதிரில் இதற்கு ஒரு வினோதமான அடையாளம் உண்டு. முதல் வளையம் கொஞ்சம் வெளியே தள்ளும், இரண்டாவது கொஞ்சம் உள்ளே இழுக்கும். இரண்டு வளையங்களையும் வைத்துக் கூட்டின் அளவைத் தனித்தனியாகக் கணக்கிட்டால் விடைகள் ஒத்துப்போகாது. அனுபவம் இல்லாதவர் அளவீட்டுக் கோளாறு என்று நினைத்துவிடுவார். அந்த முரண்பாட்டை வைத்தே எத்தனை அடுக்குகளில் பிழை என்று எண்ணிவிடலாம்.

2020இல் சர்மா, குப்தா குழுவினர் இதைத்தான் செய்தார்கள். அதிர்ச்சி அழுத்தம் ஏற ஏற வெள்ளியில் அடுக்குப் பிழைகள் மலிந்தன. 144க்கும் 158க்கும் இடைப்பட்ட ஜிகாபாஸ்கலில் வெள்ளி, நடுவில் அணு இருக்கும் கனசதுர அமைப்புக்கு மாறிவிட்டது. தங்கமும் அப்படியே செய்கிறது என்று சற்று முன்பே தெரிந்திருந்தது. பிளாட்டினமோ 380 ஜிகாபாஸ்கலைத் தாண்டியும் மாறவில்லை; அதில் அடுக்குப் பிழைகளும் அநேகமாக இல்லை. நிலையாக அமுக்கினால் வெள்ளியிலும் தங்கத்திலும் இந்த மாற்றத்தைப் பார்க்க முடிவதில்லை. ஆகவே பிழைகள்தான் மாற்றத்துக்கு வழி திறந்துவிடுகின்றன என்பது அவர்கள் முடிவு. அழுத்தமும் வெப்பநிலையும் தெரிந்தால் அமைப்பைச் சொல்லிவிடலாம் என்பது பாடப்புத்தக நிலை. இங்கே எந்த வழியாக அந்த இடத்துக்கு வந்தாய் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 1956இன் இரும்பில் இரண்டு வழிகளும் ஒரே விடைக்குப் போய்ச் சேர்ந்தது, ஒருவகையில், அதிர்ஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இத்தனை சொன்னபின் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். எக்ஸ் கதிர் வளையம் வெப்பநிலையை நேராகச் சொல்லாது. சூடு ஏறினால் அணுக்கள் அதிகம் ஆடும், வளையங்களின் ஒளி குறையும், கொள்கை அளவில் அதைவைத்து வெப்பநிலையைக் கணக்கிடலாம். நடைமுறையில் பிழைகள், படிகங்கள் திரும்புதல், மாதிரியின் தடிமன் என்று ஒளியைக் குறைக்கும் காரணங்கள் பல. எது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். மேற்பரப்பின் ஒளிர்வை அளந்து உள்ளே என்ன சூடு என்று ஊகிக்கும் முறை உண்டு. அது மேற்பரப்பைத்தான் பார்க்கிறது, எக்ஸ் கதிர் முழுத் தடிமனையும் பார்க்கிறது.

பூமியின் மையத்தில் இருக்கும் இரும்பைப் பற்றிப் பேசும்போது இது பெரிய தலைவலி. உள் கருவின் விளிம்பில் அழுத்தம் சுமார் 330 ஜிகாபாஸ்கல். ஒரே அதிர்ச்சியில் அவ்வளவு அழுத்தம் கொடுத்தால் சூடும் சேர்ந்து ஏறி இரும்பு உருகிவிடும். திட இரும்பைப் பார்க்க முடியாது. 2022இல் வெளியான ஆய்வில், லிவர்மோரின் மாபெரும் லேசர் நிலையத்தில் கிராஸ் குழு இதைச் சுற்றிக்கொண்டு போனது. முதலில் ஓர் அதிர்ச்சியால் இரும்பை உருக்கினார்கள். பிறகு லேசரின் பலத்தைப் படிப்படியாகக் கூட்டி, புதிய அதிர்ச்சி உண்டாகாமல் வழவழவென்று அமுக்கினார்கள். அப்படி அமுக்கினால் சூடு குறைவாகவே ஏறும், அழுத்தம் உருகுநிலையை முந்திக்கொண்டு போகும், உருகிய இரும்பு சில நானோ விநாடிகளில் மறுபடி உறையும். உறைந்ததா இல்லையா, உறைந்தது எந்த அமைப்பில் என்பதற்கு வளையங்கள் சாட்சி. 1000 ஜிகாபாஸ்கல் வரை போனார்கள். உறைந்தபோது தெரிந்தது அதே அறுகோண அமைப்பின் கோடுகள்தான். எத்தனை டிகிரியில் உறைந்தது என்பதை மட்டும் வளையத்திலிருந்து எடுக்கவில்லை. முதல் அதிர்ச்சி கொடுத்த சூட்டில் தொடங்கி, அமுக்கிய பாதை நெடுகிலும் கணக்குப் போட்டுத்தான் அதற்குப் போய்ச் சேர்ந்தார்கள்.